எலும்பும் வைக்கோலும்: யுத்தக் கைதிகளின் கைவினைப் பொருட்கள் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

யுத்தங்களின் வரலாறு நெடுங்காலமாகத் தளபதிகளின் வரலாறாகவும், உடன்படிக்கைகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. வென்றவரும் தோற்றவரும் அதில் இடம்பெறுவர். சிறைப்பட்டவரோ வெறும் எண்ணிக்கையாக ஒரு வரியில் வந்து மறைந்துவிடுவர். ஆயினும் சிறைப்பட்டோர் தம்மைப் பற்றிய சான்றுகளை விட்டுச் செல்லவில்லை எனக் கூறுதல் பொருந்தாது. எழுத்தறிவில்லாத மாலுமியும் படைவீரனும் தமது கைகளால் விட்டுச் சென்ற சான்றுகள் ஐரோப்பிய அரும்பொருட் காட்சிச்சாலைகள் பலவற்றில் இன்றும் உள்ளன. மாட்டெலும்பிற் செதுக்கிய கப்பல்கள், சாயமேற்றிய வைக்கோல் ஒட்டிய பேழைகள், விளையாட்டுக் கருவிகள், பொம்மைகள் என அவை பலதிறப்படுவன.

இப்பொருட்களைக் காண்போர் பெரும்பாலும் வியப்புடன் நின்றுவிடுகின்றனர். "சிறையின் சலிப்பைப் போக்கக் கைதிகள் செய்தவை" என்ற விளக்கமே பொதுவாக அவற்றிற்குத் தரப்படுகின்றது. மனித மனத்தின் அடக்கவியலாத ஆற்றலுக்கு இவை சான்று எனப் போற்றுவோரும் உளர். இவ்விளக்கங்களில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் இவை முழு உண்மையாகா. ஒரு பொருளைச் செய்தவன் யார், எதிலிருந்து செய்தான், யாருக்காகச் செய்தான், என்ன விலைக்கு விற்றான், அதனை விற்கவிடாது தடுத்தவர் யார் என்னும் வினாக்களை எழுப்பும்போதே அப்பொருள் வரலாற்றுச் சான்றாகின்றது. இக்கட்டுரையில் நாம் இவ்வினாக்களை இரு முகாம்கள் தொடர்பாக எழுப்ப முனைகின்றோம். ஒன்று, நெப்போலியன் காலத்து யுத்தங்களின்போது இங்கிலாந்தில் இருந்த நோமன் குரொஸ் முகாம். மற்றையது, தென்னாபிரிக்க யுத்தத்தின்போது எமது நாட்டிலேயே அமைக்கப்பட்ட தியத்தலாவை முகாம்.

1. முகாமின் தோற்றம்

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய யுத்தங்களிற் சிறைப்பட்டோரை இரு தரப்பினரும் மாற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சி இவ்வொழுங்கைக் குலைத்தது. 1793ஆம் ஆண்டு பிரெஞ்சுக் குடியரசு நாடு தழுவிய படைத்திரட்டலை அறிவித்தது. 1798ஆம் ஆண்டு கட்டாயப் படைச்சேவை சட்டமாயிற்று. கூலிப் படைகளின் இடத்தை மக்கட் படைகள் பெற்றன. அதன் விளைவாகச் சிறைப்பட்டோரின் தொகை முன்னெப்போதுமில்லா அளவிற் பெருகியது. பிரித்தானியாவிடமிருந்த கோட்டைகளும் சிறைக்கப்பல்களும் போதாமற் போயின.

இந்நிலையிலேயே பீற்றர்பரோ நகரின் அருகே, இலண்டனிலிருந்து வடக்கே செல்லும் பெருந்தெருவை ஒட்டி, நோமன் குரொஸ் முகாம் கட்டப்பட்டது. யுத்தக் கைதிகளுக்கெனவே திட்டமிட்டுக் கட்டப்பட்ட முதல் முகாம் இதுவே எனப் பலர் கருதுவர். 1796ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய மரக் கட்டட வேலை சில மாதங்களில் முடிந்து, 1797 ஏப்ரிலில் முதற் கைதிகள் வந்து சேர்ந்தனர். நான்கு சதுக்கங்கள், ஒவ்வொன்றிலும் கைதிகள் ஊஞ்சற் படுக்கைகளில் நெருக்கமாக உறங்கிய ஈரடுக்கு மரக் கட்டடங்கள், நடுவே பீரங்கிகளுடன் கூடிய எண்கோணக் காவல்மனை என அது அமைந்தது. ஏறத்தாழ 7,000 பேரை அடைத்து வைக்கக்கூடிய அம்முகாம், அயலிலிருந்த பல பட்டினங்களிலும் பார்க்கப் பெரிய குடியிருப்பாக இருந்தது. 1802ஆம் ஆண்டு அமியென் சமாதானத்தின்போது வெறுமையாகி, 1803இல் யுத்தம் மீண்டும் மூண்டதும் நிரம்பி, 1814இல் இறுதியாக மூடப்பட்டது. இடையில் 1800, 1801ஆம் ஆண்டுகளிற் பரவிய தொற்றுக் காய்ச்சலால் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். முகாம் இயங்கிய காலம் முழுவதிலும் இறந்தோர் தொகை 1,770 என 1914ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட நினைவுத்தூண் கூறுகின்றது.

இங்கு ஒரு வேறுபாட்டினை மனங்கொள்ளுதல் வேண்டும். அதிகாரிகள் தப்பிச் செல்வதில்லை என வாக்குறுதியளித்து, குறிக்கப்பட்ட பட்டினங்களில் வாடகை வீடுகளில் வாழ அனுமதிக்கப்பட்டனர். சிறைக் கூடங்களையும் கப்பல்களையும் நிரப்பியவர்கள் சாதாரண மாலுமிகளும் படைவீரருமே. யுத்தக் கைதி என்ற சொல் ஒன்றாயினும், அது குறித்த வாழ்க்கை வர்க்கத்துக்கு வர்க்கம் வேறுபட்டது.

2. மூலப்பொருளும் தொழிற்றிறனும்

கைதிகளின் உணவு, உடைச் செலவை ஏற்க வேண்டியவர் யார் என்பது பற்றி இரு அரசுகளும் நீண்டகாலம் தர்க்கித்துக் கொண்டிருந்தன. அத்தர்க்கத்தின் விலையைக் கந்தல் உடையிலும் வெறுங்காலிலும் செலுத்தியவர்கள் கைதிகளே. பின்னர் பிரித்தானியப் போக்குவரத்துச் சபை, தப்பியோடுவோரை எளிதில் இனங்காணத்தக்க மஞ்சள் நிற உடைகளை வழங்கியது. உணவு உயிர்வாழப் போதுமானதாயினும் அதற்கு மேற்பட்ட எதற்கும், ஒரு சிட்டிகை புகையிலைக்கும் கூட, கைதி காசு தேட வேண்டியிருந்தது. அவனிடம் விற்க எஞ்சியிருந்தது அவனது உழைப்பு மட்டுமே.

உழைப்புக்கு மூலப்பொருள் வேண்டும். அதனை முகாமின் கழிவே தந்தது. வாரத்திற் பெரும்பாலான நாட்களில் வழங்கப்பட்ட மாட்டிறைச்சியின் எலும்புகள் சமையற்கூடத்திற் குவிந்தன. அவற்றை வேகவைத்துக் கொழுப்பு நீக்கி, அறுத்து, அராவி, மெருகேற்றினர். வைக்கோலைக் கீறித் தட்டையாக்கி, சாயத்தில் தோய்த்து, மரப்பேழைகளின்மீது ஒட்டிப் பூவேலைகளும் ஊர்க்காட்சிகளும் அமைத்தனர். மரத்துண்டு, கடதாசி, கம்பித் துண்டு ஆகிய யாவும் பயன்பட்டன. எலும்புக் கப்பல்களின் பாய்மரக் கயிறுகளுக்கு மயிரைத் திரித்தனர். கருவிகளுட் பலவும் கைதிகளே செய்துகொண்டவை.

இத்துணை நுண்ணிய வேலைத்திறன் எங்கிருந்து வந்தது? கட்டாயப் படைச்சேவைச் சட்டம் தச்சனையும் தட்டானையும் கடிகாரத் தொழிலாளியையும் பட்டறைகளிலிருந்து பிடுங்கிப் படைக்கு அனுப்பியது. மாலுமிகளுட் பலர் தியெப் போன்ற வடபிரெஞ்சுத் துறைமுகங்களைச் சேர்ந்தவர்கள். தந்தச் செதுக்கு வேலைக்குத் தியெப் நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. தந்தத்திற் பழகிய கைக்கு எலும்பு அந்நியமான பொருளன்று. எனவே, சிறையிலே திடீரென முளைத்த மேதைமையாக இதனைக் காண்பதிலும் பார்க்க, பிரெஞ்சுக் கைவினைஞர் தலைமுறை தலைமுறையாகப் பேணிய தொழிலறிவு இடம்பெயர்ந்து வந்ததாகக் காண்பதே பொருத்தமாகும்.

3. சந்தையும் சுவையும்

முகாமின் வாயிலிலே காவலரின் மேற்பார்வையிற் சந்தை கூடிற்று. அயற் கிராமத்தவரும் நகரத்துக் கனவான்களும் அங்கு வந்தனர். கைதிகள் தமது பொருட்களை விற்று உணவும் புகையிலையும் வாங்கினர். இச்சந்தை முகாமின் உற்பத்தியை உருவாக்கிய பேராற்றலாயிற்று.

எஞ்சியுள்ள பொருட்களை உற்று நோக்குவோமாயின் இது தெளிவாகும். பிரெஞ்சுக் கைதி செய்த எலும்புக் கப்பல்களிற் பல, அவனைச் சிறைப்பிடித்த பிரித்தானியக் கடற்படையின் கப்பல்களது பெயரைத் தாங்கி நிற்கின்றன. வாங்குபவன் ஆங்கிலேயனாதலின், விற்பவன் அவனது பெருமிதத்தைச் செதுக்க வேண்டியவனானான். வரைபடங்கள் கைவசம் இல்லாமையால் கப்பல்களின் அளவுகள் நினைவிலிருந்து அமைக்கப்பட்டன. ஆகவே உருவ விகிதங்கள் துல்லியமற்றவையாக, கொடிமரமும் அலங்காரமும் மிகைப்பட்டவையாக உள்ளன. சிலவற்றிலே நூலை இழுத்தால் பீரங்கிகள் உள்ளே செல்லும். விட்டால் வெளியே வரும்.

இவற்றினும் கருத்தைக் கவர்வன கிலட்டின் உருவங்கள். கொலைமேடை, அதனைச் சூழப் படைவீரர், மேலிருந்து விழும் அலகு, கழன்று விழும் தலை என யாவும் எலும்பிற் செதுக்கப்பட்டுள்ளன. புரட்சிக்குப் பகையான ஒரு நாட்டின் நடுத்தர வர்க்கத்தினர் தமது வரவேற்பறை மேசையில் வைத்து அச்சமும் களிப்பும் ஒருசேர அடைவதற்காக இவற்றை வாங்கினர். தன் நாட்டுப் புரட்சியையே விளையாட்டுப் பொருளாக்கி எதிரிக்கு விற்க நேர்ந்த கைதியின் உள்ளத்தை நாம் இன்று அறியவியலாது. ஆனால் அவன் செய்தது ஒரு பண்டம் என்பதையும், அதன் உருவத்தை நிர்ணயித்தது வாங்குவோனின் விருப்பம் என்பதையும் அறியலாம். கைப்பிடியைச் சுழற்ற இராட்டினத்திலே நூல் நூற்கும் எலும்புப் பெண் பொம்மைகளும் இத்தகையனவே. பெரும் ஆலைகள் நூற்புத் தொழிலை விழுங்கத் தொடங்கிய காலத்தில், வீட்டிலிருந்து நூற்கும் பெண் அழகிய விளையாட்டுப் பொம்மையாகிவிட்டாள்.

4. வைக்கோற் பின்னலும் தடையும்

முகாமின் கைத்தொழில் வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதற்கு மிக வலுவான சான்று, அதன் ஒரு பகுதி சட்டத்தால் தடைசெய்யப்பட்டமையாகும். பொழுதுபோக்கை எவரும் தடைசெய்வதில்லை.

தொப்பிகளுக்கான வைக்கோற் பின்னல் அக்காலத்திற் பெரும் வாணிகமாக இருந்தது. உயர்தரப் பின்னல் இத்தாலியிலிருந்து வந்துகொண்டிருந்தது. யுத்தம் அவ்விறக்குமதியைத் தடுத்தது. அதனால் பெட்போட்சயர், ஹேட்போட்சயர், பக்கிங்காம்சயர் ஆகிய பகுதிகளில் ஏழை உழவர் குடும்பங்களின் பெண்களும் சிறுவரும் வீட்டிலிருந்து செய்த பின்னல் தொழில் செழித்தது. வயலிற் கூலி வேலை செய்த ஆணின் சொற்ப வருவாயை ஈடுசெய்தது இதுவே. இச்சந்தைக்குள் முகாமின் கைதிகள் நுழைந்தபோது முறைப்பாடுகள் எழுந்தன. வரி செலுத்தாதவன், வாடகை கொடாதவன், அரசின் செலவில் உண்பவன் குறைந்த விலைக்கு விற்பது உள்ளூர் ஏழைகளின் வயிற்றிலடிப்பதாகும் என வாதிக்கப்பட்டது. போக்குவரத்துச் சபை கைதிகள் பின்னலும் தொப்பியும் செய்வதைத் தடைசெய்தது.

தடை தொழிலை ஒழிக்கவில்லை. அதனைக் கள்ளச் சந்தைக்குத் தள்ளியது. வெளியிலிருந்த வணிகர் வைக்கோலை உள்ளே அனுப்பினர். காவற் படையினர் இலஞ்சம் பெற்று அதனைக் கடத்தினர். முடிந்த பின்னல் அவ்வழியே வெளியேறியது. அகப்பட்ட காவலர் கசையடி பெற்றனர். கைதிகளின் கூடங்களிற் படையினர் புகுந்து சோதனையிட்டுப் பின்னலைப் பறித்து எரித்தனர். தந்தை காவற்படை அதிகாரியாக இருந்தமையாற் சிறுவயதில் அங்கு வாழ்ந்த எழுத்தாளர் ஜோர்ஜ் பொறோ, 1851ஆம் ஆண்டு வெளியிட்ட 'லவென்குறோ' என்னும் நூலில் இவ்வேட்டைகளை வெட்கத்துடனும் சினத்துடனும் நினைவுகூர்ந்துள்ளார்.

இவ்விடத்தில் நாம் எளிய தீர்ப்புக்கு இடங்கொடுத்தலாகாது. ஆங்கிலக் கிராமத்துப் பெண்ணின் முறைப்பாடு பொய்யானதன்று. அவளது கூலி உண்மையிலேயே தாக்கப்படக்கூடியதாக இருந்தது. பிரெஞ்சுக் கைதியின் தேவையும் பொய்யானதன்று. இரு ஏழைகள் ஒருவரோடொருவர் போட்டியிட, இருவரது உழைப்பையும் மலிவாக வாங்கி இலாபமீட்டியவன் இடையிலிருந்த பின்னல் வணிகனே. தடைச் சட்டம் கைதியைத் தண்டித்தது, காவலனைத் தண்டித்தது. வணிக அமைப்பை அது தொடவில்லை. ஒரு வைக்கோற் தாளைப் பல மெல்லிய கீற்றுக்களாகப் பிளக்கும் எலும்புக் கருவியை முதன்முதலிற் செய்தவர்கள் இக்கைதிகளே என அப்பிரதேசத்து மரபு கூறும். அம்மரபு மெய்யாயின், கைதியின் தொழிலைத் தடைசெய்த நாடு அவனது தொழில்நுட்பத்தை மட்டும் தன்னதாக்கிக் கொண்டது எனலாம்.

5. சிறைக்குள் ஒரு சமுதாயம்

கைதிகள் அனைவரும் சமமான துன்பத்தில் ஒன்றுபட்டிருந்தனர் எனக் கொள்ளுதலும் தவறாகும். 1809ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டாற்மூர் சிறையிலே கைதிகள் தமக்குள் வகுத்துக்கொண்ட பிரிவுகள் இதனைத் தெளிவுபடுத்தும். வீட்டிலிருந்து பணம் பெற்றோர் 'பிரபுக்கள்' எனப்பட்டனர். கைத்தொழில் செய்து வாழ்ந்தோர் 'உழைப்பாளர்'. எதுவும் செய்யாதிருந்தோர் 'பாராமுகத்தினர்'. உடையையும் உணவுப் பங்கையும் கூடச் சூதில் இழந்து, நிர்வாணமாகக் கூட்டமாய் ஒடுங்கி வாழ்ந்தோர் 'உரோமர்' என அழைக்கப்பட்டனர். வெளியுலகின் படிநிலை சுவர்களுக்குள் மீண்டும் தோன்றிற்று. ஒருவனது பசி மற்றொருவனது மூலதனமாயிற்று.

எனினும் இவ்வமைப்பின் நடுவே கைத்தொழில் செய்தோர் வகித்த இடம் தனித்துவமானது. சூதாடியையும் பசியால் மாண்டவனையும் பிரித்த கோடு பல வேளைகளில் ஒரு அரமும் ஒரு பிடி வைக்கோலுமே. கலையின் தோற்றத்திற்கு ஓய்வு வேண்டும் என்பர். கைதிக்கு ஓய்வு இருந்தது. ஆனால் அவன் அவ்வோய்வை உழைப்பாக மாற்றியமையாலேயே மனிதனாக நிலைத்தான்.

6. தியத்தலாவை

நோமன் குரொஸ் மூடப்பட்டு 86 ஆண்டுகளின் பின், 1900ஆம் ஆண்டு ஓகஸ்டில், பிரித்தானியர் தென்னாபிரிக்காவிற் சிறைப்பிடித்த போயர் கைதிகளின் முதற் தொகுதி இலங்கைக்கு வந்தது. ஊவா மலைநாட்டிலே, தியத்தலாவையில், தகரக் கொட்டகைகள் வரிசையாக எழுந்தன. சுற்றிலும் முட்கம்பி. றாகமை, கல்கிசை, அம்பாந்தோட்டை, ஊரகஸ்மங்சந்தி ஆகிய இடங்களிலும் துணை முகாம்கள் இருந்தன. மொத்தம் 5,000க்கு மேற்பட்டோர் இந்நாட்டிலே தடுத்து வைக்கப்பட்டனர். சென் ஹெலெனா, பேர்மியூடா, இந்தியா ஆகியனவும் இவ்வாறே பயன்பட்டன. பேரரசு தனது குடியேற்ற நாடுகளைத் தோட்டங்களாகப் போலவே சிறைகளாகவும் கொண்டது.

போயர் கைதிகளுட் பெரும்பாலோர் விவசாயிகள், கைவினைஞர் அல்லர். பேனாக்கத்தியே அவர்களது முதன்மைக் கருவி. மரத்துண்டு, எலும்பு, நாணயம் முதலியவற்றிலிருந்து புகைக்குழாய்களும், கைத்தடிகளும், சிறு பேழைகளும், மார்பணிகளும் செய்தனர். இவ்வகைப் பொருட்கள் போயர் கைதிகள் இருந்த முகாம்கள் அனைத்திலும் செய்யப்பட்டன. தியத்தலாவையில் அவர்கள் டச்சு மொழியிற் செய்தித்தாள் ஒன்றும் நடத்தினர்.

நோமன் குரொஸ் பொருட்களோடு இவற்றை ஒப்பிடும்போது ஒரு முக்கிய வேறுபாடு புலனாகும். பிரெஞ்சுக் கைதியின் எலும்புக் கப்பலிற் செய்தவன் பெயர் பெரும்பாலும் இல்லை. போயர் கைதியின் பேழையிலோ முகாமின் பெயர், ஆண்டு, தன் குடியரசின் இலச்சினை ஆகியன அடிக்கடி செதுக்கப்பட்டுள்ளன. முன்னது பண்டம், பின்னது பண்டமாக விற்கப்பட்டபோதும் நினைவுச்சின்னம். இடைப்பட்ட நூற்றாண்டிலே தேசியம் என்னும் கருத்து சாதாரண மனிதனின் கைவேலை வரையும் ஊடுருவிவிட்டது.

அந்நினைவு பின்னர் என்னவாயிற்று என்பதையும் நோக்க வேண்டும். 1931இல் புளும்பொன்டீனில் நிறுவப்பட்ட யுத்த அரும்பொருட் காட்சிச்சாலை கைதிகளின் கைவேலைகளைச் சேகரித்தது. பேரரசால் ஒடுக்கப்பட்ட ஒரு சிறு மக்கட் கூட்டத்தின் சின்னங்களாக அவை போற்றப்பட்டன. அம்முறையீடு நியாயமானதே, தடுப்பு முகாம்களில் மாண்ட போயர் பெண்களும் சிறுவரும் 20,000க்கு மேற்பட்டோராவர். ஆனால் அதே யுத்தத்திற் கறுப்பின மக்களுக்கெனத் தனியான தடுப்பு முகாம்கள் இருந்தன. அங்கும் ஆயிரக்கணக்கானோர், பதிவுற்ற அளவில் மட்டும் 14,000க்கு மேற்பட்டோர், மாண்டனர். பல்லாண்டுகளாக அவர்களைப் பற்றிய பேச்சே எழவில்லை. ஒடுக்கப்பட்டோரின் நினைவுச் சின்னங்களைத் தாங்கிய தேசியம், 1948ஆம் ஆண்டு ஆட்சிக்கு வந்து இனவொதுக்கலைச் சட்டமாக்கியது. தன் துன்பத்தை மட்டும் செதுக்கும் நினைவு, பிறர் துன்பத்துக்கு அரணாகாது என்பதற்கு இது தக்க பாடமாகும்.

7. எஞ்சியவையும் எஞ்சாதவையும்

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். கைதிகளின் கைவினைப் பொருட்கள் தோன்றுவதற்குத் துன்பம் மட்டும் போதாது. கைதியைச் சாகும்வரை வேலை வாங்காத ஒழுங்கு, கையில் ஏற்கனவே ஊறிய தொழிலறிவு, ஓரளவேனும் திறந்திருந்த சந்தை ஆகிய மூன்றும் வேண்டும். அவை எஞ்சி நிற்பதற்கு நான்காவதாக ஒன்று வேண்டும்: அவற்றைப் பேணத்தக்கவை எனக் கருதும் ஒரு சமூகம்.

இந்நான்கும் இல்லாத இடத்தில் நிகழ்ந்ததற்கு எமது மக்களின் வரலாறே சான்று. 1942, 1943ஆம் ஆண்டுகளில் யப்பானியர் அமைத்த சயாம்-பர்மா இரயில் பாதையில் 60,000க்கு மேற்பட்ட நேசநாட்டு யுத்தக் கைதிகள் வருத்தப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 12,000 பேர் மாண்டனர். அவர்கள் மூங்கிலிலும் தகரத்திலும் செய்த செயற்கைக் கால்களும் மருத்துவக் கருவிகளும், ஒளித்து வரைந்த சித்திரங்களும் இன்று பல நாடுகளிற் பேணப்படுகின்றன. அவர்களுக்கு மருத்துவர் இருந்தனர், படை ஒழுங்கு இருந்தது, திரும்பிச் சென்றபின் கேட்பதற்கு நாடும் இருந்தது. அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர். அவர்களுக்கு இவற்றில் எதுவும் இருக்கவில்லை. மாண்டோர் தொகை கூட மதிப்பீடாகவே உள்ளது. அவர்கள் செய்த பொருள் என ஒன்றைக் காட்டும் காட்சிச்சாலையைத் தேடிக் காண்பது அரிது.

பீற்றர்பரோ அரும்பொருட் காட்சிச்சாலையில் உள்ள நோமன் குரொஸ் தொகுதி இவ்வகையில் உலகின் மிகப் பெரிய தொகுதிகளுள் ஒன்று. எலும்புக் கப்பல்கள் இன்று ஏல விற்பனையில் ஆயிரக்கணக்கான பவுண்களுக்கு விலைபோகின்றன. செய்தவனுக்குக் கிடைத்ததோ புகையிலைக் காசு. அவனது பெயரும் இல்லை. ஆதலின் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் அப்பொருளை வியந்து நின்றுவிடாது, அதனுள் உறைந்திருக்கும் உழைப்பை வாசிக்கும் முறையை எமது வரலாற்று மாணவர் பயிலுதல் வேண்டும். அவ்வாறு பயின்ற கண், பேழை வெறுமையாக இருக்கும் இடத்தையும் காணும். எதுவும் விட்டுச்செல்ல வாய்ப்பற்றிருந்தோரின் வரலாறு அவ்வெறுமையிலிருந்தே எழுதப்பட வேண்டியுள்ளது.